குளிர்பானம் குடித்தும் ஏன் வயிறு நிறைவதில்லை?

பல்கலைக்கழக மாணவர்கள் பலர் படிக்கும்போது குளிர்பானத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள். ஆனால் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. சர்க்கரை பானம் என்பது சர்க்கரை கலந்த எந்தப் பானமும்தான்: கோலா, எனர்ஜி டிரிங்க், இனிப்பு போட்ட காபியும் கூட. 330 மில்லி கோலா கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட 9 தேக்கரண்டி. நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மென்று தின்னும் உணவு, கதவைத் தட்டிவிட்டு வரும் விருந்தாளி. மெல்ல நேரமாகும், இரைப்பையில் தங்கும், மூளைக்குச் சேதி போகும். பானமோ கொல்லைப்புறமாக நுழைந்துவிடும். அதனால் அடுத்த வேளைச் சாப்பாடு பெரிதாகக் குறையாது. மடக்கு மடக்காக இரண்டு மணி நேரம் உறிஞ்சினால் பல்லுக்கு இன்னும் கெடுதல்: ஒவ்வொரு மடக்கிலும் வாயில் அமிலம் ஏறும்.

சர்க்கரை சேர்க்காத பழச்சாறு இந்தக் கணக்கில் வராது என்று நினைப்பது தவறு. சாற்றிலுள்ள சர்க்கரையும் அந்த 25 கிராமில் அடக்கம்.