கார்பேஜ் இன், கார்பேஜ் அவுட்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஜி.ஐ.ஜி.ஓ. என்பதன் விரிவு என்ன? முதலில் யார் சொன்னது? தேர்வில் எழுத நல்ல உதாரணம் வேண்டும். (பி.சி.ஏ. மாணவி, தண்டையார்பேட்டை)

'கார்பேஜ் இன், கார்பேஜ் அவுட்' என்பதன் சுருக்கம். 'கைகோ' என்று உச்சரிப்பார்கள். குப்பையை உள்ளே போட்டால் குப்பைதான் வெளியே வரும் என்று பொருள். கொடுத்த எண் உண்மையா என்று கணினி தானாகப் பார்க்காது, சொன்ன கணக்கைப் போட்டுத் தரும். அமெரிக்க ராணுவத்தின் கணினிப் பணி பற்றிய 1957-ஆம் ஆண்டு நாளிதழ்ச் செய்தியிலேயே இந்தத் தொடர் வந்திருக்கிறது. கருத்து அதைவிடப் பழையது. தவறான எண்களைக் கொடுத்தாலும் எந்திரம் சரியான விடை தருமா என்று தன்னிடம் இருமுறை கேட்கப்பட்டதாக, கணக்கிடும் எந்திரங்களை வடிவமைத்த சார்லஸ் பாபேஜ் 1864-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்.

உதாரணத்துக்கு 1999-இல் நாசா இழந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற செவ்வாய் விண்கலத்தை எழுதுங்கள். ஒரு மென்பொருள் பவுண்டு-விசை விநாடியில் கொடுத்த அளவை, இன்னொன்று நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் ஏறத்தாழ 4.45 மடங்கு. எண்ணில் பிழை இல்லை, அலகில்தான் பிழை. தேர்வில் பலரும் விட்டுவிடும் இடம் இது.

எக்செல்லில் சரக்குக் கணக்கு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கிறது, மொத்தம் மட்டும் குறைகிறது. தேதியும் குழம்புகிறது. (துணிக்கடை, எம்.சி. ரோடு)

சில எண்கள் எழுத்தாகப் பதிவாகியிருக்கும். 'சம்' அவற்றைக் கூட்டாமல் விட்டுவிடும், பிழைச் செய்தியும் காட்டாது. அந்த நெடுவரிசைக்குக் 'கவுன்ட்', 'கவுன்ட்ஏ' இரண்டையும் போட்டுப் பாருங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணும். இரண்டாவது காலியில்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும். தலைப்பு வரியைச் சேர்க்காமல் போட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கெட்டுப்போன வரிகளின் எண்ணிக்கை. '12 பீஸ்' என்று அடித்தது ஒரு காரணம். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இன்னொன்று. அது 160-ஆம் எண் குறி. 'ட்ரிம்' அதை எடுக்காது, 'சப்ஸ்டிட்யூட்' போட்டுத்தான் நீக்க வேண்டும்.

இனிமேல் வராமலிருக்க, 'டேட்டா' பகுதியில் 'டேட்டா வேலிடேஷன்' திறந்து, 'ஹோல் நம்பர்' தேர்ந்து, உங்கள் கடைக்குப் பொருந்தும் குறைந்த, கூடிய அளவைக் கொடுங்கள். கையால் அடிப்பதைத்தான் இது தடுக்கும், ஒட்டுவதைத் தடுக்காது. அதனால் வாரம் ஒருமுறை 'சர்க்கிள் இன்வேலிட் டேட்டா' அழுத்திப் பாருங்கள்.

தேதிக் குழப்பம் இதைவிட ஆபத்து. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/04/2025 என்பது மார்ச் 4 ஆகிவிடும். 13/04/2025 மட்டும் எழுத்தாகவே நிற்கும், ஏனென்றால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது. ஆக, இடது பக்கம் ஒட்டி நிற்கிற தேதிகளைத் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால், நாளும் மாதமும் மாறிப்போன மற்றவை அப்படியே தங்கிவிடும். விண்டோஸ் 'ரீஜன்' அமைப்பை இந்தியாவுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு மாதத்திலும் 1 முதல் 12 வரையுள்ள தேதிகளின் வரிகளை பில்லோடு ஒப்பிடுங்கள். ஏற்கெனவே மாறிய தேதியை எந்த வாய்பாடும் தானாகக் கண்டுபிடிக்காது.

எங்கள் சங்கத்தின் வீட்டுப் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை வருகிறார். பெயர் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் கிடைப்பதில்லை. (வியாசர்பாடி)

தமிழில் இது அடிக்கடி வரும் சிக்கல். 'கோபால்' என்பதில் உள்ள 'கோ'வின் குறியை ஒற்றைக் குறியாகவும் பதியலாம், இரட்டைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகப் பிரித்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சில மென்பொருள்களின் தேடலுக்கு வேறு வேறு. இப்படி வேறு வேறாகப் பதிந்ததை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் 'என்.எஃப்.சி.' என்ற யூனிகோட் சீராக்கத்தைப் பட்டியல் முழுக்க ஓட்டினால் ஒன்றாகிவிடும். பைத்தான் நிரல்மொழியில் இது ஒரே வரி வேலை. ஆனால் 'கௌரி'யின் கொம்புக்குப் பின் 'ள' எழுத்தைத் தட்டியிருந்தால் சீராக்கம் உதவாது, தேடி மாற்ற வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனிஷியலுக்குத் தனி நெடுவரிசை வையுங்கள். பகுதிப் பெயரை அடிக்க விடாமல் பட்டியலிலிருந்து தேர்வு செய்ய வையுங்கள். திருவொற்றியூரை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள், 600019 எல்லோருக்கும் ஒன்றுதான். கைபேசி எண் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டு வரிகளைத் தானாக இணைத்துவிடாதீர்கள். ஒரே எண்ணை இரண்டு குடும்பங்கள் கொடுத்திருப்பது நம் பகுதியில் சாதாரணம். மழை வெள்ள நிவாரணப் பட்டியலில் ஒரு வரியைத் தவறாக நீக்கினால் ஒரு வீட்டுக்கு உதவி போய்ச் சேராது. கதவு எண்ணையும் பார்த்து, ஒருவர் கண்ணால் சரிபார்த்த பிறகே இணையுங்கள்.

தவறு வந்தாலே மேற்பார்வையாளர் 'கைகோ' என்று என் மேல் போடுகிறார். (டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், மணலி)

அவர் சொல்லைத் தவறாகப் பயன்படுத்துகிறார். எந்தக் கட்டத்தில் பிழை வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். வேறு ஆபரேட்டர்களும் அதே கட்டத்தில் சறுக்கினால் குறை படிவத்தில் இருக்கிறது. 'எடை' என்று மட்டும் போட்டு, கிலோவா டன்னா என்று சொல்லாத படிவத்துக்கு யாரும் சரியாகப் பதிய முடியாது.

எண்ணூரில் காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் குறைந்த விலை பி.எம். 2.5 சென்சார் வைத்திருக்கிறோம். விடியற்காலையில் அளவு எகிறுகிறது. நம்பலாமா? (மாணவர் குழு)

அப்படியே நம்ப வேண்டாம், தூக்கியெறியவும் வேண்டாம். இந்த வகைச் சென்சார் ஒளிச் சிதறலை வைத்து அளக்கிறது. ஈரப்பதம் மிகும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். கடலோரத்து உப்புத் துகள் இன்னும் அதிகமாக. அதனால் அளவு கூடுதலாகத் தெரியும். விடியலில் காற்று தேங்கி உண்மையிலேயே மாசு கூடுவதும் உண்டு, ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே ஈரப்பத மானி வைத்து, ஒவ்வொரு அளவோடும் அதையும் பதியுங்கள். மணலியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. முடிந்தால் அதன் அருகே இரண்டு வாரம் கருவியை வைத்து, மணிநேர சராசரியை ஒப்பிட்டுத் திருத்த எண் கண்டுபிடியுங்கள். 24 மணி நேர சராசரிக்கான இந்திய வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஒரு நிமிட உச்சத்தை அதோடு ஒப்பிடக் கூடாது.

இணைப்பு அறுந்தால் சில கருவிகள் 0 அல்லது 999 என்று எழுதிவிடும். சராசரி போடுமுன் அவற்றைக் காலியாக்குங்கள். திருத்தங்களைத் தனிக் கோப்பில் செய்யுங்கள். மூலக் கோப்பில் கை வைத்தால், நாளைக்குத் தொழிற்சாலைத் தரப்பு கேள்வி கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது.