பெரணியும் பாசியும்: தாவரவியல் ஆசிரியரிடம் சில கேள்விகள்

கேள்வி: சார், மழைக்காலத்தில் எங்கள் கிணற்றுச் சுவரில் பச்சை மெத்தை மாதிரி ஒன்றும், பக்கத்திலேயே சீப்பு மாதிரி இலையோடு ஒன்றும் முளைக்கின்றன. இரண்டும் பாசிதானா?

பதில்: மெத்தைதான் பாசி. குளத்துப் படிக்கட்டில் வழுக்குவதையும் பாசி என்கிறோம், ஆனால் அது ஆல்கா. குழப்பம் வேண்டாம், சுவரில் இருப்பதை மாஸ் என்றே சொல்கிறேன். சீப்பு இலைக்காரர் பெரணி. அவருக்கு உண்மையான வேரும், நீரேற்றும் சைலம் குழாயும் உண்டு. மாஸுக்குச் சைலம் இல்லை, உடம்பு முழுக்கவே தண்ணீரை உறிஞ்சியாக வேண்டும். அதனால்தான் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

கேள்வி: தொட்டிப் பெரணியின் இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். மருந்து அடிக்கலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! அவை ஸ்போர்ப் பைகளின் கொத்துகள். ஸ்போர் என்பது விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்பும் நுண்பொடி. செதில்பூச்சி என்றால் தாறுமாறாக ஒட்டியிருக்கும்; இது கோலப்புள்ளி மாதிரி ஒழுங்காக இருக்கும். சந்தேகமென்றால் முற்றிய இலை ஒன்றை வெள்ளைத்தாளில் கவிழ்த்து வையுங்கள். ஓரிரு நாளில் பொடி உதிர்ந்திருக்கும்.

கேள்வி: அந்தப் பொடியைத் தூவினால் பெரணி வருமா?

பதில்: வரும், ஆனால் நேராக வராது. முதலில் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவில் ஒரு பச்சைத் தகடு முளைக்கும். ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் அதன் அடிப்பக்கம் இருக்கும். ஆண் செல் நீந்திப் போக ஈரம் வேண்டும், எனவே மண் காயவே கூடாது. கருவுற்றதும் அங்கிருந்து குட்டிப் பெரணி எழும், தகடு வாடிவிடும். மாஸில் கதையே தலைகீழ். பச்சை மெத்தைதான் அந்தத் தகட்டுத் தலைமுறை. அதன்மேல் தீக்குச்சி மாதிரி நிற்கிறதே, அது அடுத்த தலைமுறை. தனியாகப் பிழைக்காது, கடைசிவரை தாய்வீட்டுச் சாப்பாடுதான்.

கேள்வி: வெயிலில் மாஸ் காய்ந்துவிட்டது. சுரண்டிவிடவா?

பதில்: தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பல வகைகள் சில நிமிடங்களிலேயே விரிந்து பச்சையாகிவிடும்.

கேள்வி: பெரணியைச் சாப்பிடலாமா?

பதில்: கண்ட பெரணியையும் பறிக்காதீர்கள், நஞ்சுள்ளவையும் உண்டு. ஆனால் ஆரைக்கீரை ஒரு பெரணிதான். மாட்டுக்குப் போடும் அசோலாவும் பெரணிதான். அப்புறம் கொல்லிமலையில் விற்கும் முடவாட்டுக்கால் ‘கிழங்கு’ இருக்கிறதே, அது பாறையில் படரும் பெரணியின் தண்டு. மேலே பழுப்பு ரோமம் போலச் செதில்கள். அதைச் சீவிவிட்டுத்தான் சூப் வைப்பார்கள்.