700 பவுண்டுக்குப் போன துப்பாக்கி

(பதில் சொல்பவர்: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடை வைத்திருக்கும் சினிமாப் பைத்தியம்)

கேள்வி: ‘லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்’ இரண்டு தடவை பார்த்தும் யார் யாரைச் சுடுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? – கல்லூரி மாணவர், தேவகோட்டை

பதில்: ஆளை விடுங்க தம்பி, துப்பாக்கி பின்னாடியே போங்க. 1998-ல வந்த, பிரிட்டிஷ் டைரக்டர் கை ரிட்சியின் முதல் முழுநீளப் படம். நொடிச்சுப்போன ஒரு பிரபு வீட்டுல ரெண்டு பழைய வேட்டைத் துப்பாக்கி. அதைத் தூக்க ஒரு தாதா ஆள் அனுப்புறான்; எது உசத்தின்னு மட்டும் சொல்லி அனுப்பல. வந்த திருடனுங்க, ‘கிழட்டுச் சாமான்’னு தள்ளிவிட, அது 700 பவுண்டுக்கு நாலு இளவட்டங்க கைக்கு வருது. அந்த நாலு பேரும் அதே தாதாகிட்ட சீட்டாட்டத்துல ஏமாந்து 5 லட்சம் பவுண்டு கடன்பட்டவங்க! துப்பாக்கி விலை ரெண்டரை லட்சத்துக்கு மேலன்னு கேட்லாக்கைப் பார்த்து மத்த மூணு பேரும் அலறும்போது, அதை ஆத்துல போடப் போனவன் பாலத்துல தொங்கிட்டிருக்கான். வாயில செல்போன் மணி அடிக்குது. படம் முடிஞ்சுபோச்சு.

தியேட்டரே சிரிக்கும். எனக்கு வயித்தைப் பிசையும். எங்க பக்கம் பங்காளிங்க வீட்டைப் பாகம் பிரிக்கறப்போ பர்மாத் தேக்குத் தூணுக்கு மல்லுக்கட்டுவாங்க. மூலையில கிடக்கிற மரவைங்கிற மரப் பாத்திரத்தை எடைக்குப் போட்டுடுவாங்க. விலையைச் சொல்லாம வாங்கினவன்தான் நானும், மறைக்கல. அதுக்குத் தண்டனையும் ஆச்சு. 200 ரூபாய்க்கு நான் கொடுத்த ஒரு மங்குத் தட்டு, இப்ப ஒரு பங்களா ஹோட்டல்ல கண்ணாடிச் சட்டத்துக்குள்ள உட்கார்ந்து என்னைப் பார்க்குது.

கேள்வி: நம் கடத்தல் படத்துக்கும் பிரிட்டிஷ்காரர்களுடையதற்கும் என்ன வித்தியாசம்? – வாசகர், புதுவயல்

பதில்: நம்ம படத்துல தங்கம் பிஸ்கட்டாவே வரும். 1951-ல வந்த ‘தி லாவெண்டர் ஹில் மாப்’ல, வங்கித் தங்கத்துக்குக் காவல் போற சாதுவான குமாஸ்தா அலெக் கின்னஸ், அதையே திருடி உருக்கி ஈஃபில் கோபுர பொம்மையா வார்த்துப் பாரிசுக்கு அனுப்புவார். அங்க கடைக்காரம்மா விஷயம் தெரியாம ஆறு பொம்மையைப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு வித்துடும்.

கேள்வி: தனியாக இருக்கிற கிழவி நான். ரத்தம் இல்லாத கொள்ளைக்காரப் படம் ஒன்று சொல்லுங்களேன். – ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: உங்களுக்காகவே எடுத்த மாதிரி ஒண்ணு இருக்கு ஆச்சி: ‘தி லேடிகில்லர்ஸ்’, 1955. சாவு உண்டு, ரத்தக்களறி இல்லை. தனியா இருக்கிற பாட்டி வீட்டு மாடியில, வாத்தியக் கோஷ்டின்னு சொல்லி அஞ்சு கொள்ளைக்காரங்க குடிவர்றாங்க. கிராமபோன்ல இசைத்தட்டைச் சுழலவிட்டுட்டுத் திட்டம் போடுவாங்க. பாட்டியோ ‘டீ வேணுமா’ன்னு கதவைத் தட்டியே அவங்க உயிரை எடுப்பாங்க. கடைசியில பணம் யாருக்குன்னு நீங்களே பாருங்க.

மாடி ரூமை வாடகைக்கு விடறதா இருந்தா, வர்றவங்களை முதல்ல ஒரு கீர்த்தனை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க ஆச்சி.