என்ஜினில் ஓடும் மாதிரி விமானங்களின் காலம் முடிந்துவிட்டதா? ஜோகன்னஸ்பர்க்கில் மகனுக்கு எதை வாங்குவது?

ஜோகன்னஸ்பர்க்குக்குப் புதிதாக வந்திருக்கிறோம், பன்னிரண்டு வயது மகன் ரிமோட் விமானம் கேட்கிறான், மின்சாரமா என்ஜினா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பாட்டுக்குப் படித்துவிட்டுப் போயிருப்பேன். "என்ஜின் எல்லாம் பழங்கதை என்கிறார்களே?" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் கணினித் துறை ஒப்பந்தத்தில் வந்தவர், மின்வேலி போட்ட டவுன்ஹவுஸ் வளாகத்தில் வாடகைக்கு இருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே வரும் நம்மவர்களில் பலர் அப்படித்தான். அப்படியானால் மின்சாரமே வாங்குங்கள். ஃபோம் உடல், மேலே இறக்கை வைத்த பயிற்சி விமானம் போதும். மூக்கு உடைந்தால் இரவே ஒட்டிவிடலாம். பின்கட்டில் மோட்டாரை ஓட்டிப் பார்த்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுத மாட்டார். ஆனால் வளாகத்துக்குள் பறக்கவிடாதீர்கள். தென்னாப்பிரிக்க மாதிரி விமானச் சங்கமான சாமாவைச் சேர்ந்த கிளப் ஒன்றின் மைதானத்துக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் வாங்கிய முதல் விமானம் பெரும்பாலும் முதல் நாளே குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

உங்களுக்கான பதில் இவ்வளவுதான். இனி அந்தக் கடைசி வரி.

மின்சாரம் நேற்று வந்த புதுமை அல்ல. 1957 ஜூன் 30 அன்றே இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குவீன்' என்ற மாதிரி விமானத்தை மின் மோட்டாரில் ரேடியோ வழியாகப் பறக்கவிட்டார். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் மைதானங்களில் என்ஜின்தான் ஆண்டது, காரணம் பேட்டரியின் எடை. பிரஷ் இல்லாத மோட்டாரும் லிப்போ என்கிற லித்தியம் பாலிமர் பேட்டரியும் மலிவான பிறகுதான் காற்று திசை மாறியது. இன்றைக்கும் எடைக்கு எடை பார்த்தால் என்ஜினின் எரிபொருளான மெத்தனாலில் இருக்கும் ஆற்றல் லிப்போவில் இருப்பதைப்போல முப்பது மடங்குக்குக் குறையாது. "உன் என்ஜின் அதில் பெரும்பகுதியைச் சூடாக வெளியே விட்டுவிடுகிறதே" என்று யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். உண்மைதான், அதையும் கழித்துவிட்டுப் பாருங்கள், மீதி இருக்கும்.

இந்த ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் இருப்பதைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. என்ஜின் மூச்சு வாங்கும், சக்தி குறையும். மோட்டாருக்கு மூச்சு வேண்டாம், ஆனால் மூக்கில் சுழலும் விசிறி தள்ளுவதும் இதே மெல்லிய காற்றைத்தான். அதனால் மின்சாரக்காரர்கள் இங்கே ஓர் அங்குலம் பெரிய விசிறி போடுவார்கள், என்ஜின்காரர்கள் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைக் கொஞ்சம் மூடுவார்கள்.

இதன் மறுபக்கத்தை ஓர் ஈஸ்டர் விடுமுறையில் கடற்கரை நகரமான டர்பனில் பார்த்தேன். என் மனைவியின் சித்தப்பா வீடு அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறது. அங்கே போகும்போது என் 7.5 சிசி க்ளோ என்ஜின் (மெத்தனாலில் ஓடும் சிறு என்ஜின்) விமானத்தையும் காரில் வைத்துக்கொண்டேன். நண்பர் ஒருவர் தன் மின்சார விமானத்தோடு உடன் வந்தார். அந்தத் தெருவில் ஒரு பெரியவர், சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களை மைதானத்துக்கு அழைத்துப் போனார். அவருடைய பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவராம். "தம்பி" என்று அழைப்பார், மற்றதெல்லாம் ஆங்கிலம். நான் அண்ணா என்றே கூப்பிட்டேன்.

என்ஜினைக் கிளப்பும் முன்பே, "ஊசியைத் திற தம்பி, இங்கே காற்று கெட்டி" என்றார். அடர்ந்த காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். எண்ணெய் எரிபொருளில்தான் கலந்து வருகிறது, எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறைந்து என்ஜின் சூடேறிவிடும். நான் சில சொடுக்குகள் திறந்தேன். அவர் திருப்தியடையவில்லை. முழு வேகத்தில் ஓடும் என்ஜினின் பின்னால் குனிந்து, எரிபொருள் வரும் ரப்பர் குழாயை இரு விரலால் ஒரு கணம் கிள்ளி விட்டார். சத்தம் ஏறாமல் உடனே தொய்ந்தது, எரிபொருள் இன்னும் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் இரண்டு சொடுக்கு திறந்து மறுபடி கிள்ளினார். இப்போது சத்தம் ஒரு படி ஏறி, விட்டதும் இறங்கியது. பிறகு விமானத்தின் மூக்கை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். சத்தம் மாறவில்லை. "போ" என்றார். சுற்றிலும் விளக்கெண்ணெய் வாசனை. அன்று முழுக்க என்ஜின் ஒருமுறைகூட நின்றுபோகவில்லை. அந்தக் காது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

நண்பரின் விமானத்துக்குக் காது வேண்டாம், மீட்டர் வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் 38 ஆம்பியர் இழுத்த அதே 12-க்கு-6 (12 அங்குல நீளம், 6 அங்குலப் பிட்ச்) விசிறி, கடற்கரையில் 44 இழுத்தது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் அவருடைய ஸ்பீட் கன்ட்ரோலரின் வரம்பு 40. மீட்டரைப் பார்த்துவிட்டு 11-க்கு-5.5 விசிறியை மாட்டினார், ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. இதைத்தான் எளிமை என்கிறார்கள், மறுக்கவில்லை. நானும் மின்சார விமானம் வைத்திருக்கிறேன், ஆகவே பழமைவாதி என்று பட்டம் கட்ட வேண்டாம். லோட் ஷெடிங் என்கிற சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் மின்சாரக்காரர்கள் பாதி சார்ஜ் ஏறிய பேட்டரிகளோடு வந்து தங்கள் கார் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, நான் கேனிலிருந்து எரிபொருளை ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பேட்டரி என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. கையில் சால்டரிங் அயர்ன் பிடிப்பவன் என்று தெரிந்துவிட்டால் போதும், இந்த ஊர்த் தமிழர் கூட்டங்களில் பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் மைக் செட் இவன் தலையில்தான். காலை ஆறு மணிக்கே வயர் இழுத்து முடிப்பேன். மேடையில் சால்வை வாங்குபவர் பதினொரு மணிக்கு வந்த நன்கொடையாளர். பையன்களுக்கு பால்சா கட்டையில் இறக்கை செய்யக் கற்றுத்தருகிறேன், ஓர் அறை மட்டும் கொடுங்கள் என்று கேட்டால், "விளையாட்டுப் பொருளுக்கெல்லாம் இடம் இல்லை" என்று பதில். சரி, விடுங்கள்.

என்ஜினின் குறைகளை மறைக்கவில்லை. விமானம் முழுக்க எண்ணெய் வழியும், துடைத்தே அரைமணி நேரம் போகும். மெத்தனால் விஷம், அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, பையன் கையில் தனியாகக் கொடுக்கக் கூடாது. லிப்போவும் சாது அல்ல. ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும், அதற்கு மேல் ஏற்றினால் தீ. தூங்கும்போது சார்ஜில் விடாதீர்கள். ஜூலை மாதக் காலைக் குளிரில் வோல்ட் சரிந்துவிடும், ஆகவே பறக்கும் வரை பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வரும்போது வாங்கி வருவதானால் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்குள் இருக்கட்டும்.

பையன் ஒரு வருடம் தாக்குப்பிடித்து, "அந்தச் சத்தம் போடும் விமானம் வேண்டும்" என்று அவனாகவே கேட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். நன்றாக ஓடித் தேறிய பழைய என்ஜின் ஒன்று என் கராஜில் இருக்கிறது. விலை வேண்டாம், துடைக்கத் துணி மட்டும் அவன் கொண்டுவரட்டும்.