ஜெரேனியம் தூரைப் பிரிக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் புது வீட்டுக்கு வந்திருக்கிறோம், தோட்டம் முழுக்கக் களிமண். முன்பு இருந்தவர்கள் மூன்று வகை ஜெரேனியம் விட்டுப் போயிருக்கிறார்கள்: மேக்ரோரைசம், ஜான்சன்ஸ் ப்ளூ, ரோஸான். ஜான்சன்ஸ் ப்ளூ நடுவில் வெறிச்சோடி, ஓரத்தில் மட்டும்தான் பூத்தது. செப்டம்பர் பிறந்துவிட்டது, இப்போதே மூன்றையும் பிரித்து நட்டுவிடலாமா அக்கா?
– வாசகி, லெஸ்டர்

பதில்: பிரிக்கலாம் தங்கச்சி, ஆனால் மூன்றையும் ஒரே நாளில் ஒரே மாதிரி வெட்டாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் வேர் போகிற விதம் வேறு, அதைப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். (நான் சொல்வது வருடா வருடம் தரையிலிருந்து தானாகத் துளிர்க்கும் ஜெரேனியத்தைப் பற்றி. ஜன்னலோரத் தொட்டியில் சிவப்பாகப் பூப்பது பெலர்கோனியம், அதற்குத் தண்டு வெட்டி நடுவதுதான் வழி.)

மேக்ரோரைசத்தை இப்போதே செய்யுங்கள். அதன் தடித்த தண்டு இஞ்சி மாதிரி மண்ணின் மேலேயே படுத்துக் கிடக்கும். நுனியில் இலைக்கொத்து இருக்கிற துண்டாக, விரல் நீளத்துக்குப் பிய்த்து, இலை மட்டும் வெளியே தெரியும்படி மண்ணில் செருகினால் போதும், வேர் இல்லாத துண்டுகூடப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். மரத்தடியில் காய்ந்த நிழலில் வேறெதுவும் வராத இடம் இருந்தால் அங்கே வையுங்கள்.

ஜான்சன்ஸ் ப்ளூவுக்கு மார்ச் வரை பொறுங்கள். மணல் கலந்த மண் என்றால் நானே இப்போது பிரிக்கச் சொல்லியிருப்பேன், ஆனால் களிமண்ணில் குளிர்காலம் முழுக்க ஈரம் நிற்கும், புதிதாக வெட்டுப்பட்ட வேர் அதில் அழுகிவிடும். முளை லேசாக எட்டிப் பார்க்கும்போது தூரை முழுசாகத் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள், அப்போதுதான் எந்த முளைக்கு எந்த வேர் என்று கண்ணுக்குத் தெரியும். கையால் பிரியாவிட்டால் இரண்டு தோட்ட ஃபோர்க்கை முதுகோடு முதுகாகக் குத்தி விலக்கலாம், அதற்கும் மசியாவிட்டால் பழைய ரொட்டிக் கத்தி. ஒரு துண்டுக்கு இரண்டு மூன்று முளை, கூடவே நல்ல வேர். நடுவில் கட்டை மாதிரி ஆகிப்போனதைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள், ஓரத்தில் இருப்பதுதான் இளசு. இந்தச் செடி விதை வைக்காது, அதனால் வீட்டில் பெருக்க இதுதான் வழி.

அலசும்போது வேரில் இன்னொன்றையும் தேடுங்கள்: வெள்ளையாக, கால் இல்லாமல், பழுப்புத் தலையோடு வளைந்து கிடக்கும் புழு. வைன் வீவில் வண்டின் குஞ்சு அது, இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரை வேரைத் தின்றுகொண்டே இருக்கும், மேலே ஒன்றும் தெரியாது. ஒன்றைக்கூட விடாமல் பொறுக்கிவிட்டு அப்புறம் நடுங்கள்.

ரோஸான்தான் கொஞ்சம் பிடிவாதக்காரி. 1989-ல் சாமர்செட்டில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கண்டெடுத்த கலப்பு இது, 2013-ல் செல்சி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டுச் செடியாகத் தேர்வானது. தாய்தந்தையரில் ஒன்றான வாலிச்சியானம், நடுவில் ஒரே கொண்டையும் (தண்டும் வேரும் சேரும் அடிப்பகுதி) ஆழமாக இறங்கும் வேரும் உள்ள செடி, அந்தக் குணம் இதற்கும் வந்திருக்கிறது. நாலு பக்கமும் தண்டு ஓடினாலும் அவை மண்ணில் வேர் விடுவதில்லை. அதனால் மேலே எவ்வளவு பெரிதாகப் படர்ந்திருந்தாலும் பிரிப்பதற்குக் கீழே அதிகம் இருக்காது. ஏப்ரலில் அடி மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். தனித்தனியாக இரண்டு மூன்று கொண்டை இருந்தால் மட்டும், ஒவ்வொன்றிலும் தடித்த வேர் இருக்கும்படி வெட்டலாம். ஒன்றே ஒன்று என்றால் மண்ணை மூடிவிடுங்கள். புதுச் செடி வேண்டுமென்றால் அடியிலிருந்து வரும் இளந்துளிரைக் கொண்டையின் சிறு துண்டோடு சேர்த்துச் சீவி, மணல் கலந்த கம்போஸ்ட்டில் நட்டு, வேர் பிடிக்கும்வரை நிழலில் வையுங்கள்.

எதை நட்டாலும் முன்பு இருந்த அதே ஆழத்தில் நடுங்கள். வசந்தத்தில் பிரித்தவற்றுக்கு அந்த முதல் கோடை முழுக்கத் தண்ணீர் வேண்டும். களிமண் மேலே வெடித்திருந்தால் மழை பெய்ததே என்று விட்டுவிடாமல், விரலை உள்ளே விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.