வசதியில்லாத பிள்ளைகள் படிக்கப் பணம் கொடுத்தால் போதாதா? வழிகாட்டி எதற்கு?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஏதோ ஒரு தொண்டு அமைப்பு ஒரு பிள்ளைக்கு வழிகாட்டியாக இருக்க உங்களிடம் வாரம் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறது, நீங்கள் ‘பேசாமல் பணமாகவே கொடுத்துவிடலாமே’ என்று யோசிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் உதவி வாங்கிய பக்கம் இருந்தவள், அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா போக முடியவில்லை.

எனக்கு வாய்த்த முதல் வழிகாட்டி நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது வந்தார். ஓர் அகராதி கொண்டுவந்து கொடுத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தார், நாலாவது வாரம் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. அந்த மூன்றாவது வாரம்தான் கணக்குத் தாளை அவரிடம் காட்டியிருந்தேன். 100க்கு 31. அதனால்தான் வரவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவருக்கு வேலை மாற்றலாகியிருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போயிருக்கலாம். பதிமூன்று வயதில் அதெல்லாம் தோன்றாது. அடுத்த இரண்டு வருஷம் நான் எந்த ஆசிரியரிடமும் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

இது என் சொந்தப் புலம்பல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் இத்தகைய திட்டங்களை ஆராய்ந்த ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002இல் இதையேதான் எழுதினார்கள். வழிகாட்டியின் துணை ஒரு வருஷமோ அதற்கு மேலோ நீடித்த இடங்களில் பிள்ளைகளுக்குப் பலன் அதிகம். சீக்கிரமே அறுந்துபோன இடங்களில் சில பிள்ளைகள் முன்பு இருந்ததைவிடக் கீழே போயிருந்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அந்த அகராதி ஞாபகம் வந்தது.

இரண்டாவதாக வந்தவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பத்தாம் வகுப்பில் வந்தார், நான் கல்லூரி முடிக்கும்வரை இருந்தார். பணம் கொடுக்கக் கூடாது என்பது அவரை அனுப்பிய அமைப்பின் விதி. ஒரு தடவை அம்மா கைமாற்று கேட்டுவிட்டார், அக்கா சங்கடப்பட்டு இல்லை என்றார். இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காததுபோல வந்து உட்கார்ந்தார்.

கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ‘தற்காலிகச் சேர்க்கை வழங்கப்படுகிறது’ என்று போட்டிருந்தது. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் கெட்டிக்காரி. “தற்காலிகம்னா நிரந்தரம் இல்லைன்னுதானே? அதை நம்பி யாராவது பணம் கட்டுவாங்களா?” என்றார். எனக்கும் நியாயமாகப் பட்டது. கடிதத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டோம். நாலு நாள் கழித்து அக்கா வேறு எதற்கோ போன் செய்தவர், “கடிதம் ஏதாவது வந்துச்சா?” என்று கேட்டார். வாசிக்கச் சொன்னார். “அது எல்லாருக்கும் போடுற வார்த்தைடி, சான்றிதழ் சரிபார்த்ததும் எடுத்துடுவாங்க. பின்பக்கம் என்ன போட்டிருக்கு?” நாங்கள் பின்பக்கம் திருப்பியே பார்த்திருக்கவில்லை. கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அங்கே பொடி எழுத்தில் இருந்தது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் பாக்கி. மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். படிவத்தை அவர் நிரப்பவில்லை. “நீ எழுது, நான் பார்க்கிறேன்” என்றார். எழுதினேன், இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினேன்.

சலுகை இருந்தது, அதாவது பணம் ஏற்கெனவே அங்கே இருந்தது. அது எங்களுக்குத்தான் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், முடிவுகள் 2012இல் வெளியாயின. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்த, வருமானம் குறைந்த குடும்பங்களில் சிலருக்கு அங்கேயே கல்வி உதவிப் படிவத்தை நிரப்ப உதவினார்கள். சிலருக்கு விவரம் மட்டும் சொன்னார்கள். உதவி கிடைத்த வீடுகளில், பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில் அடுத்த மூன்று வருஷத்துக்குள் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து முடித்தவர்கள் 36 சதவீதம். எந்த உதவியும் கிடைக்காத வீடுகளில் 28. விவரம் மட்டும் கேட்டுப்போனவர்களிடம் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் ‘நான் யார் தயவும் இல்லாமல் படித்து வந்தவன்’ என்று அடிக்கடி சொல்வார். அவர் அப்பா ஆசிரியர், சித்தப்பா பொறியாளர். எந்தப் பாடம் எடுக்கலாம், எந்தத் தேதிக்குள் என்ன கட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் வீட்டில் சாப்பிடும்போதே பேசி முடிந்திருக்கும். அதற்கு யாரும் வழிகாட்டல் என்று பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான். (நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய அறிக்கையில் தன் பெயரை முதலில் போட்டு அனுப்பியவரும் இவரேதான். அது வேறு கதை. ஆனால் மறக்கவில்லை.)

உடனே ஒருவர் ‘அப்படியானால் பணமே வேண்டாமா?’ என்று வருவார். நான் அப்படிச் சொல்லவில்லை. பசியோடு இருக்கும் பிள்ளைக்கு அறிவுரை சொல்வது பாவம். வழிகாட்டல் என்றாலே நல்லது என்றும் சொல்லவில்லை. 1939இல் மாசச்சூசெட்ஸில் சில நூறு சிறுவர்களை வைத்து ஒரு திட்டம் தொடங்கி, அதில் பாதிப் பேருக்கு ஆலோசகர்களைப் போட்டார்கள். அது முடிந்து 30 வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அது தங்களுக்குப் பயன்பட்டது என்றே சொன்னார்கள். ஆனால் குடிப்பழக்கம், நோய், சீக்கிர மரணம் போன்றவற்றில் அவர்கள் நிலைமை உதவி பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. ஆக, மேடையில் ஒரு பிள்ளை சொல்லும் நன்றியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நானும் அட்டையில் செய்த பெரிய காசோலையைப் பிடித்துக்கொண்டு, எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தவள்தான். காசோலை கொடுத்தவர்கள் அந்தப் போட்டோவை ரொம்ப வருஷம் தங்கள் விளம்பரத் தாளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருஷம் உறுதியாக முடியாது என்றால் பணமே கொடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. முடியும் என்றால், சேரும் முன்பே அந்த அமைப்பிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நடுவில் நான் விலக நேர்ந்தால் யார் வருவார்கள்? அதை அந்தப் பிள்ளையிடம் நேரில் சொல்லிவிட்டு வர எனக்கு வாய்ப்புத் தருவீர்களா?

இப்போது நானும் ஒரு பெண்ணுக்கு அக்கா. அவளுக்கு வியாழக்கிழமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், சான்றிதழ் நகல் எடுத்தாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.