சவுக்குச் சாரத்துல ஏறின ஆளுக்கு டவர்ல ஏற எதுக்கு கார்டு?

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: ஏற்காட்டுல எஸ்டேட் பங்களாக்களுக்கு வருஷக்கணக்கா சவுக்குச் சாரத்துல நின்னு பெயின்ட் அடிச்சிருக்கீங்க. இப்ப பிரிட்டன்ல பெயின்டர் வேலை அமைஞ்சிருக்கு. சக்கரம் வச்ச அலுமினிய டவர்ல ஏற பாஸ்மா கார்டு, அதாவது டவர் பயிற்சி எடுத்ததுக்கான அத்தாட்சி, இருக்கான்னு கேட்கிறாங்க. சேலத்துலயே ஏதாவது சேஃப்டி சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தா போதுமா?

போதாது. சைட் மேனேஜர் தனக்குத் தெரிஞ்ச கார்டைத்தான் ஒத்துக்குவார். அஞ்சு ரோட்டுல ஏஜென்ட் யாராவது பொதுவா ஒரு சர்டிபிகேட்டை நீட்டினா, காசைக் கையிலேயே வச்சுக்குங்க.

சட்டம் நேரடியா எந்தக் கார்டையும் கேட்கலை. உயரத்துல செய்யுற வேலைக்கு 2005-ல வந்த விதிமுறை, சாரம் கட்டுறவங்களும் பிரிக்கிறவங்களும் அந்த வேலைக்குன்னே பயிற்சி எடுத்திருக்கணும், திறமையான ஒருத்தர் மேற்பார்வையும் வேணும்னு சொல்லுது. அந்தப் பயிற்சிக்கு எல்லாரும் ஒத்துக்கிற அத்தாட்சிதான் பாஸ்மா கார்டு. பாஸ்மாங்கிறது டவர் தயாரிப்பாளர்கள், வாடகைக்கு விடுறவங்களோட சங்கம். 'டவர்ஸ் ஃபார் யூசர்ஸ்' வகுப்பு ஒரே நாள்: பாடம், எழுத்துத் தேர்வு, டவரைக் கட்டிச் சோதிச்சுப் பிரிச்சுக் காட்டுற செய்முறை. முன் அனுபவம் கேட்க மாட்டாங்க. கார்டு 5 வருஷத்துக்குச் செல்லும். நீங்க கம்பெனி ஊழியர்னா செலவு முதலாளியோடது. 1974-ம் வருஷச் சட்டப்படி பாதுகாப்புக்காகச் செய்ய வேண்டியதுக்கு ஊழியர்கிட்ட காசு பிடிக்கக் கூடாது. சொந்தமா கான்ட்ராக்ட் எடுத்தா நீங்கதான் கட்டணும்.

ஒண்ணைக் குழப்பிக்காதீங்க. இது கட்டுமான சைட்ல பொதுவா கேட்கிற சி.எஸ்.சி.எஸ். கார்டு இல்லை, அது தனி. இதை வச்சுக்கிட்டு குழாயும் அதை இணைக்கிற கப்ளரும் போட்டுக் கட்டுற பெரிய சாரத்துல கை வைக்கவும் முடியாது; அதுக்கு வேற படிப்பு.

வகுப்புல உங்களுக்குச் சிரமம் தரப்போறது ஆங்கிலம்னு நினைப்பீங்க. பழக்கம்தான் தரும். நம்ம ஊர்ல கட்டின கட்டை மேலயே ஏறி நின்னு, கயித்தைப் பல்லுல கடிச்சுக்கிட்டு அடுத்த கட்டையைக் கட்டுவோம். இங்க கைப்பிடிக் கம்பி இல்லாத பலகைமேல நிக்கவே கூடாது. உள்பக்க ஏணி வழியா ஏறி, பலகையில இருக்கிற கதவுத் துவாரத்துல கால் ரெண்டும் கீழ தொங்க உட்காரணும். உட்கார்ந்தபடியே கீழ இருக்கிறவர் நீட்டுற கம்பியை வாங்கி, ரெண்டு பக்கமும் ரெண்டு வரிசை மாட்டி, 'க்ளிக்'னு பூட்டு விழுதான்னு இழுத்துப் பார்க்கணும். அப்புறம்தான் எழுந்து நிக்கணும். பிரிக்கும்போது இதையே தலைகீழா. வெளிப்பக்கமா பிரேமைப் பிடிச்சு ஏறுறது அறவே கிடையாது, டவர் உங்க பக்கமே சாயும்.

மேல் கம்பி பலகையிலிருந்து 950 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, நடுவுல எங்கேயும் 470-க்கு மேல சந்து இருக்கக் கூடாது. 2020-ல திருத்தின இ.என். 1004-ங்கிற ஐரோப்பியத் தரப்படி பலகைக்குப் பலகை 2.25 மீட்டருக்கு மேல போகாது. அந்தத் தரத்துக்குள்ள கட்டுற டவர் கட்டிடத்துக்குள்ள 12 மீட்டர், வெளிய 8 மீட்டர் வரைக்கும்தான்.

பாதுகாப்பு பெல்ட்டை எங்க மாட்டுறதுன்னு கேட்பீங்க. தயாரிப்பாளர் அனுமதிச்சிருந்தா ஒழிய டவர்ல மாட்டாதீங்க. விழுற ஆளோட வேகம் டவரையே சேர்த்து இழுத்துக்கிட்டு வரும். கைப்பிடிக் கம்பிதான் உங்க பெல்ட்.

தப்பு கட்டும்போது மட்டும் இல்லை, சாயங்காலம் அவசரத்துலயும் நடக்கும். ஆள் மேல நிக்கும்போதே தள்ளுறாங்க. நகர்த்தணும்னா ஆளும் சாமானும் இறங்கணும், உயரம் 4 மீட்டருக்குள்ள குறைஞ்சிருக்கணும், அடியில கை வச்சுத் தள்ளணும், மேல கரண்ட் கம்பி இருக்கான்னு பார்க்கணும். எட்டலைன்னு பலகைமேல மடக்கு ஏணி வைக்கிறதும், ஸ்க்ரூ காலைச் சுத்தி உயரம் கூட்டுறதும் இன்னொரு வியாதி. அந்தக் கால் மட்டம் பார்க்க மட்டும்தான். இடம் இடிக்குதுன்னு, பக்கவாட்டுல முட்டுக் கொடுக்கிற ஸ்டெபிலைசரைக் கழட்டினா டவர் குடை சாய அதுவே போதும். ரெண்டு கம்பெனி பாகத்தைக் கலந்து கட்டினாலும் பூட்டு சரியா உட்காராது. காத்து மணிக்கு 17 மைலைத் தாண்டினா வேலையை நிறுத்திட்டு இறங்கணும். ஏற்காட்டு லேடீஸ் சீட் பக்கம் ஆடி மாசம் அடிக்கிற காத்துல நின்ன ஆளுக்கு அது ஒண்ணுமில்லாத மாதிரித் தெரியும். டவரைச் சுத்தி தார்ப்பாய் கட்டியிருந்தா அது பாய்மரம்.

கட்டுமான வேலையில 2 மீட்டரோ அதுக்கு மேலயோ விழ வாய்ப்பிருக்கிற டவரை முதல்ல ஏறுறதுக்கு முன்னாடி சோதிக்கணும், அப்புறம் ஒவ்வொரு 7 நாளுக்குள்ளயும் மறுபடி. பாகத்தை மாத்தினாலோ பலத்த காத்து அடிச்சாலோ உடனே. ரிப்போர்ட்டை அந்த ஷிஃப்ட் முடியறதுக்குள்ள எழுதணும். வேலை முடியற வரைக்கும் சைட்ல, அதுக்கப்புறம் 3 மாசம் ஆபீஸ்ல இருக்கணும்.

வேலைக்குச் சேரும் முன்னாடி முதலாளிகிட்ட மூணு கேள்வி கேளுங்க: எந்தக் கம்பெனி டவர், அதோட மேனுவல் சைட்ல இருக்கா, சோதிச்சாச்சுன்னு டவர்ல மாட்டுற டேக்ல கையெழுத்துப் போடுறது யார்? மூணாவதுக்கு 'நீங்களே போட்டுக்குங்க'ன்னு பதில் வந்தா, கார்டு கைக்கு வர்ற வரைக்கும் கீழ நின்னு சுவத்தைச் சுரண்டுற வேலையைக் கேட்டு வாங்கிக்குங்க.